தூணின் தலையைப் பார்த்தே கோயிலின் வயதைச் சொல்லலாம், தெரியுமா?

ஆழ்வார்குறிச்சி ரயில் நிலையத்தில் இறங்கி, டீக்கடையில் நின்று, "அண்ணாச்சி, இந்தப் பக்கம் தொல்லியல்னா எங்க போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் கிழக்கே கையைக் காட்டுவார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை. தாழி, எலும்பு, குழி. தப்பில்லை. ஆனால் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தோண்டாமல், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செய்கிற தொல்லியல் ஒன்று இருக்கிறது, தெரியுமா? அதற்குக் கிழக்கே போகவே வேண்டாம். கடனா நதி போகிற போக்கிலேயே நாமும் போனால் போதும், வழிநெடுக அதற்கான சுவர்கள் நிற்கின்றன.

கட்டடத் தொல்லியல் என்று அதற்குப் பெயர். குழியில் மண் அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறதே, அதேபோல நிற்கிற கட்டடத்திலும் காலம் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. எந்தக் கல் முதலில் வந்தது, எது அதன்மேல் சாய்ந்தது, எந்த வாசலை அடைத்தார்கள், எந்தச் சன்னலைப் புதிதாக வெட்டினார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. இதில் இங்கிலாந்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். நமக்கு ஊருக்கு ஊர் கோயில் மாதிரி அவர்களுக்கு ஊருக்கு ஊர் பங்குக் கோயில், அதுவும் பெரும்பாலும் எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துப் பழசு.

யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்று ஓர் ஊர். இல்லை, ஊர் *இருந்தது*. 1500 வாக்கில் ஆட்களே காலி, ஆடு மேய ஆரம்பித்துவிட்டது. மிஞ்சியது கூரை போன ஒரு தேவாலயம் மட்டும். அந்த ஊரை 1950 முதல் 1990 வரை, நாற்பது கோடைக்காலம், ஆய்வாளர்கள் விடாமல் ஆராய்ந்தார்கள். தேவாலயச் சுவரில் என்ன கண்டார்கள் தெரியுமா? ஊரில் கூட்டம் பெருகியபோது பக்கத்துக்கு ஒரு சிறகு கட்டிக் கோயிலை அகலமாக்கியிருக்கிறார்கள். பிறகு ஆள் குறைந்தபோது, கட்டிய சிறகுகளை இடித்துவிட்டு, நடுவே இருந்த தூண் வரிசையின் இடைவெளிகளைக் கல்வைத்து அடைத்திருக்கிறார்கள். குடும்ப அட்டை, மக்கள் தொகைக் கணக்கு எதுவும் இல்லாத காலத்து ஊரின் ஏற்றமும் இறக்கமும் ஒரு சுவரில் அப்படியே நிற்கிறது!

எசெக்ஸில் ரிவன்ஹால் கதை இன்னும் வேடிக்கை. எல்லோரும் பார்த்துப் பார்த்து, "இது 19-ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டினது, இதில் என்ன இருக்கு" என்று ஒதுக்கிய தேவாலயம். 1970-களின் தொடக்கத்தில் பூச்சை உரித்தார்கள். உள்ளே ஆயிரம் வருடத்துப் பழைய சாக்சன் சுவர், சன்னலோடு முழுசாக! மேலே பூசியிருந்த பூச்சுதான் புதுசு.

சரி, ஒரு தேவாலயத்தைப் பார்த்தவுடன் "இது இந்த நூற்றாண்டு" என்று சொல்லும் வித்தையை அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தவர் யார்? தாமஸ் ரிக்மன். லிவர்பூலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். வேலை நேரம் போக ஊர் ஊராகப் போய்ச் சன்னல் வளைவுகளைக் குறித்து வைத்து, 1817-இல் புத்தகமாகப் போட்டார். அவர் பிரித்த காலப் பெயர்களைத்தான் இன்றைக்கும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒருவர் உண்டு. அவரும் கல்தச்சர் இல்லை. பாண்டிச்சேரியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். 1914-இல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் தலைப்பில் சொன்ன வித்தை இருக்கிறது. தூணுக்கு மேலே, உத்தரத்தைத் தாங்கக் கை நீட்டினமாதிரி ஒரு கல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் போதிகை. சிலையைப் பார்க்கப் போனவர்கள் சிலையைப் பார்த்தார்கள், கோபுரத்தைப் பார்க்கப் போனவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள். இந்த மனிதர் அண்ணாந்து போதிகையைப் பார்த்தார்!

பார்த்ததில் பிடிபட்டது இது. பல்லவர் காலத்துப் போதிகை உருண்டு வளைந்து, அலை அலையாக வரி ஓடியிருக்கும். முற்சோழர் காலத்தில் அந்த வளைவு கோணமாக வெட்டப்பட்டு, நடுவில் சின்னதாக ஒரு நாக்கு நீளும். வெட்டுப் போதிகை. போகப் போக அந்த நாக்கு வளர்கிறது. பாண்டியர் காலத்தில் முனை பூவாகத் தொடங்குகிறது. விஜயநகர, நாயக்கர் காலம் வரும்போது தாமரை மொட்டாகவே கீழ்நோக்கித் தொங்குகிறது. தச்சர்கள் அதை வாழைப்பூவோடு ஒப்பிடுவதும் உண்டு. பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். எண்ணூறு வருடத்தில் ஒரு கல் மெதுவாகப் பூத்திருக்கிறது! அடுத்தமுறை எந்தக் கோயில் மண்டபத்தில் நின்றாலும் அண்ணாந்து பாருங்கள். கருவறைப் பக்கம் வெட்டுப் போதிகையும் முன்மண்டபத்தில் தொங்கும் மொட்டும் இருந்தால், உள்ளே சோழனோ பாண்டியனோ, வெளியே நாயக்கர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். (கண்ணை மூடினால் போதிகை தெரியாது, அது வேறு விஷயம்.)

இந்தப் பூ கோயிலில் மட்டும்தான் பூத்ததா? இல்லை! தாமிரபரணி கடலில் சேருகிற பக்கம் காயல்பட்டினம் போய்ப் பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள். கருங்கல் தூண், மேலே போதிகை, அதற்கு மேல் உத்தரம், தட்டையான கல்கூரை. ஆள் உருவமோ விலங்கு உருவமோ கிடையாது; கொடியும் பூவும் மட்டும். தொழுகை வேறு, கட்டும் கை அதே கை. போதிகைக் கணக்கு அங்கேயும் பலிக்கிறது.

கண்ணை இப்போது மேலிருந்து கீழே இறக்குங்கள். கருவறைச் சுவருக்கு அடியில் படிப்படியாக வரிவரியாக இருக்கிறதே, அதிட்டானம். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசையாக ஏறவேண்டும். நானும் சின்ன வயதில் அந்தப் பட்டிகையில் உட்கார்ந்து புளியோதரை தின்றவன்தான்; எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை. எண்ணுங்கள். பல கோயில்களில் அடி வரிசை ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். உடையவில்லை, புதைந்திருக்கிறது. ஒவ்வொரு திருப்பணியிலும் தரைக்கு மேல் தரை போட்டுப் போட்டுக் கோயிலே கணுக்கால் வரை இறங்கிவிட்டது. இங்கிலாந்துத் தேவாலயமும் பள்ளத்தில் நிற்கிறமாதிரிதான் தெரியும். அங்கே காரணம் வேறு: சுற்றிலும் நூற்றாண்டுக் கணக்கில் புதைத்துப் புதைத்து மண் உயர்ந்துவிட்டது.

அதைவிட ஆச்சரியம், தனி அம்மன் சன்னதி. அது ஆதி முதல் அப்படியே இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? முற்காலச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிக் கோயில் கட்டும் வழக்கமே கிடையாது. ராஜேந்திரன் காலத்துக்குப் பிறகு மெல்ல வந்து, 12, 13-ஆம் நூற்றாண்டில் பரவியது. கல்வெட்டில் அதைத் திருக்காமக்கோட்டம் என்பார்கள். ஆகவே பழைய கோயிலில் சுவாமி சன்னதிக்கும் அம்மன் சன்னதிக்கும் நடுவே நீங்கள் நடக்கிற பத்து எட்டு, இருநூறு முந்நூறு வருடமாகவும் இருக்கலாம்.

அம்மன் என்றதும் ஆழ்வார்குறிச்சிக்காரர்களுக்குப் பரமகல்யாணிதான் ஞாபகம் வருவாள். மேற்கே மலையடியில் சிவசைலம், மேற்கு பார்த்த கோயில். அங்கே ஒரு கதை. பூமாலையில் ஒரு முடி கிடந்ததைப் பார்த்து ராஜா கோபித்துக்கொண்டார். அர்ச்சகர் பதறிப்போய், "சுவாமிக்குச் சடை உண்டு, அந்த முடிதான்" என்று சொல்லிவிட்டார். "அப்படியானால் காட்டு" என்று ராஜா கருவறையின் பின்சுவரில் துளைபோட்டுப் பார்க்க, லிங்கத்தின் பின்னால் நிஜமாகவே சடை! பக்தருக்கு இது சுவாமியின் கருணை. கட்டடத் தொல்லியல்காரர் காதில் விழுவது வேறு: "சுவரில் துளையா? எப்போது போட்டது? கட்டும்போதே விட்டதா, பிறகு குடைந்ததா?" சிரிக்காதீர்கள். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களிலும் இப்படிச் சுவரில் சாய்வாகக் குடைந்த துளைகள் உண்டு. பக்கத்துச் சிறகில் நிற்பவருக்கும் பீடம் தெரியவேண்டும் என்று வெட்டியது. துளையின் விளிம்பில் உளி பட்ட விதத்தை வைத்தே கட்டடத்தோடு பிறந்ததா, பிற்பாடு வந்ததா என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி தாமிரபரணிப் பக்கம் இறங்குவோம். அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் கிடைத்த வரகுண பாண்டியன் கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டு. கோயிலுக்கு ராஜா எங்கே இருந்துகொண்டு காசு கொடுத்தான் தெரியுமா? இங்கே இல்லை. தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரையில், அரைசூர் என்ற இடத்துப் பாளையத்தில் இருந்துகொண்டு! 290 காசு. அதை ஊர்ச்சபையிடம் ஒப்படைத்து, முதலைத் தொடக்கூடாது, காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, மொத்தம் 580 கலம், அதில் நாலு வேளைப் படையலும் நடக்கவேண்டும் என்று ஏற்பாடு. வங்கி என்ற சொல்லே காதில் விழாத காலத்தில் நிரந்தர வைப்புத்தொகை, அதுவும் கல்லில் பாஸ்புக்!

அந்த எழுத்தைப் பார்த்தால் தமிழ் மாதிரியே தெரியாது. சுழிசுழியாக இருக்கும். வட்டெழுத்து. பாண்டிய நாடு முழுக்க ஒருகாலத்தில் அதுதான். ராஜராஜன் இந்தப் பக்கம் வந்த பிறகு சோழநாட்டுத் தமிழெழுத்து வந்து அதைத் தள்ளிவிட்டது. இதனால் நமக்கு ஒரு சௌகரியம்: தாமிரபரணிக் கரைச் சுவரொன்றில் வட்டெழுத்து இருந்தால், வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கல் பெரும்பாலும் ராஜராஜனுக்கு முந்தையது என்று ஊகித்துவிடலாம்.

பக்கத்திலேயே மன்னார்கோயில். ராஜகோபாலசுவாமி கோயில். இதைக் கேளுங்கள்: பாண்டிய நாட்டு மண், கட்டியவன் சேரன் ராஜசிம்மன், வைத்த பெயர் சோழனுடையது, ராஜேந்திர சோழ விண்ணகரம்! அப்போது பாண்டிய நாட்டை ஆண்டது சுந்தர சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு ராஜேந்திரன் அனுப்பிய சொந்த மகன். மூவேந்தரும் ஒன்றாக இருக்கும் இடத்தைப் பாட்டில் தேடுகிறோம், அம்பாசமுத்திரத்திலிருந்து டவுன்பஸ்ஸில் போகிற தூரத்தில் கட்டடமாகவே இருக்கிறது. விமானமும் சாமானியமில்லை. அட்டாங்க விமானம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளத்திலும் பெருமாள்.

அதே வட்டாரத்தில்தான் திருவாலீசுவரம். சோழர் கல்வேலை, விமானத்தைச் சுற்றிச் சிற்பங்கள். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், நகர மனம் வராது. அங்கே இருக்கும் ஒரு கல்வெட்டு ராணுவக் கல்வெட்டு. மூன்றுகை மகாசேனை என்ற சோழப்படை, தான் வென்ற இடங்களை எல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டு, இந்தக் கோயிலும் பண்டாரமும் பணியாளரும் இனி எங்கள் காவல் என்று அறிவிக்கிறது. ஒரு ரெஜிமெண்டே வாட்ச்மேன்!

இதுவரை சொன்னது எழுத்து இருந்த இடத்திலேயே இருந்த கதை. எழுத்து இடம் மாறினால்? இங்கேதான் துப்பறியும் வேலை தொடங்குகிறது. பழைய செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றிய காலம் ஒன்று உண்டு. சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவலில் அப்படிச் செய்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்து, இது பழங்கல்படி என்று குறிப்பும் போடவைத்தார். ஆயிரம் வருடத்துக்கு முன் "உண்மை நகல்" முத்திரை! ஆனால் எல்லோரும் செம்பியன் மாதேவி இல்லையே. பிரித்த கல்லைத் தோன்றிய இடத்தில் வைத்துக் கட்டியவர்கள்தான் அதிகம். பாதி வரி வடக்குச் சுவரில், மீதி தெற்கே படிக்கட்டில், அதுவும் தலைகீழாக. எழுத்து நடுவில் வெட்டுப்பட்டு நின்றால் ஆய்வாளர் முகம் வாடாது, மலரும். சாசனம் போனாலும், இந்தச் சுவர் ஒருமுறை பிரித்துக் கட்டப்பட்டது என்ற சாட்சி கிடைத்துவிட்டதே.

அரைகுறையாக நின்றுபோன கட்டடம் இன்னும் பெரிய வாத்தியார். கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, மலையை மேலிருந்து குடைந்து இறங்கியது. சிகரம் மெழுகிட்டதுபோல் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி இன்னும் பாறையாகவே இருக்கிறது. கூரையை முதலில் முடித்துவிட்டு அஸ்திவாரத்துக்குப் போகாமலே நின்றுபோன வீடு! முடிந்திருந்தால் எப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

இசைத்தூண் பற்றி ஏன் சொல்லவில்லை என்பீர்கள். நெல்லையப்பர் கோயிலில் எல்லோரும் தட்டித் தட்டிக் கேட்டதுதானே, விடுங்கள். அதைவிட, கடனா நதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூருக்கு வாருங்கள். கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறோம். உள்ளே ஐந்து தளம், தளத்துக்குத் தளம் சுவர் முழுக்க ஓவியம், செதுக்கிய மரத்தூண், மர உத்தரம்! கப்பலில் குதிரை வந்து இறங்குகிறது, படை மோதுகிறது, புராணம் ஓடுகிறது. வெயிலும் மழையும் எட்டாத கோபுர வயிற்றுக்குள் இருந்ததால் தப்பித்தது.

மரம் எவ்வளவு பேசும் தெரியுமா? எசெக்ஸிலேயே கிரீன்ஸ்டெட் என்ற ஊரில் ஓக் மரத்தடிகளை நிறுத்திவைத்துக் கட்டிய தேவாலயம் ஒன்று. 9-ஆம் நூற்றாண்டு என்று பெருமையாகச் சொல்லி வந்தார்கள். 1990-களில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணினார்கள். மரத்தை வெட்டியதே 1060-களுக்குப் பிறகுதான் என்று வந்துவிட்டது. ஒரே எண்ணலில் இருநூறு வயது குறைந்துபோனது!

ஓவியம் என்றதும் சுண்ணாம்பைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தக் காலத்தில் தேவாலயச் சுவரோவியங்களை வெள்ளையடித்து மறைத்தார்கள். மறைத்ததே காப்பாகிவிட்டது, பின்னால் சுரண்டியபோது ஓவியம் நிறத்தோடு வந்தது. நம் தஞ்சைப் பெரிய கோயிலிலும் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டது அதேபோல ஒன்றைத்தான். நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் ஓவியம்.

பெரிய விஷயமே பார்த்துக்கொண்டிருந்தால் கீறலை விட்டுவிடுவோம். பல கோயில் அதிட்டானத்தில் நீளமாக ஒரு கோடு, இரு முனையிலும் குறி இருக்கும். குழந்தைகள் கிறுக்கியது இல்லை. அந்த ஊரின் நிலமளக்கும் கோல்! அளவில் தகராறு வந்தால் இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். லண்டன் பழைய செயின்ட் பால் பேராலயத்துத் தூண் அடியிலும் ஓரடி அளவு வெட்டியிருந்தார்கள். செயின்ட் பால் அடி என்றே அதற்குப் பெயர். சாமி முன்னால் பொய்க்கோல் போட முடியாது என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம், தாயக்கட்டம், பல்லாங்குழி கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நார்விச், கேன்டர்பரி பேராலயங்களின் திண்ணைக் கல்லிலும் காய் நகர்த்தும் கட்டங்கள் கீறிக்கிடக்கின்றன. பிரசங்கம் நீளமாக இருந்திருக்கும்.

நம் ஆற்றங்கரைத் தேவாலயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் 1785-இல் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில். விதவையான பிராமணப் பெண், மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். வெள்ளைக்காரர் ஏட்டில் என்ன பெயர் இருந்தாலும், ஊர் வாயில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில்.

கடல் தாண்டியும் ஒரு எட்டு. மலேசியாவின் கெடாவில், புக்கிட் பத்து பகாட் கோயிலை 1959-60-இல் பிரித்து மறுபடி அடுக்கியபோது, அடியில் சின்னச் சின்னக் கல்பேழைகள். உள்ளே பொன்னும் மணியும். கருவறைக்கு அடியில் கருப்பதிவு வைக்கும் சிற்பநூல் முறை அங்கே கையில் அகப்பட்டது. நம் ஊர்க் கோயில்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் மேலே இருப்பதைப் பார்க்காமல் அழித்ததுதான் வயிற்றெரிச்சல். கோயில் "பளிச்" என்று இருக்கவேண்டும் என்று அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் போனது, எழுத்தின் விளிம்பும் போனது, உளித் தடமும் போனது. அதற்குத் தடை வந்த பிறகும் கிரானைட் பலகையும் டைல்ஸும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. மைப்படி எடுப்பவர்கள் ஈரக்காகிதத்தைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்தில் இறக்கி, மையை ஒத்தி எடுப்பார்கள். மணலடித்த கல்லில் காகிதம் இறங்கப் பள்ளமே இருக்காது.

இதை எல்லாம் முன்கூட்டியே யோசித்த ராஜா ஒருவர், ஆழ்வார்குறிச்சிக்கு வடக்கே தென்காசியில் இருந்தார். பராக்கிரம பாண்டியன், 1446-இல் காசிவிசுவநாதர் கோயிலைத் தொடங்கியவர். கல்வெட்டில் என்ன வெட்டிவைத்தார் தெரியுமா? என் கோயிலைத் தொட்டால் நரகம் என்று மிரட்டவில்லை. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் இப்போதே பணிகிறேன் என்றார்! ராஜா, பிறக்காத கொத்தனாரைக் கும்பிடுகிறார்! பழுது வரவும் செய்தது. கோபுரத்தின் மேல்தளங்கள் போய், நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு ஆனது 1990-இல். வாசலில் நின்று கீழே இருக்கும் கல்லையும் மேலே ஏறும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கிறீர்களா?

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். உச்சி வெயிலில் போகாதீர்கள், எழுத்து ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்கு, வெயில் சுவரோடு சாய்ந்து விழும்போது போங்கள். உள்மண்டபம் என்றால் கையில் ஒரு டார்ச். நேராக அடிக்காதீர்கள், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இங்கிலாந்தில் தேவாலயக் கீறல்களைத் தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் சுழி ஒன்று நிழல் காட்டும். பக்கத்தில் இன்னொன்று. டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், மூன்றாவது.